அச்சில் விழாத கோடு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம், ஏதாவது டெக்னிக்கலாப் பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். அழைப்பிதழைப் பார்த்தால் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். மின்சாரக் காருக்கு ஒருவர். மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு கோடு இருந்தது. கம்ப்யூட்டரில் படம் வரையும்போது திரையில் தெரிந்து, அச்சடித்தால் காணாமல் போகும் கோடு. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டி.டி.பி. கடைகளில் 'கைடு' என்பார்கள். நான் வழிகாட்டிக் கோடு என்றே சொல்கிறேன். இருபது நிமிஷமும் அதைப் பற்றித்தான். யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

இந்தக் கோடு நமக்குப் புதிது இல்லை. முதலாண்டில் டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரை மேஜையில் இறுக்கிவிட்டு, நாம் முதலில் போட்டது என்ன? 2எச் பென்சிலில், அழுத்தாமல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு. மேல்தோற்றத்துக்கும் முன்தோற்றத்துக்கும் இடையே போடும் கோடுகள் எல்லாமே அப்படித்தான். அதன் பிறகுதான் எச்.பி. பென்சில் எடுத்துப் பொருளின் விளிம்பை அழுத்திப் போடுவோம். முதல் கோடு தவறினால் இரண்டாவது கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் மார்க் கிடையாது. (ஷீட்டைச் சுருட்டிப் போடும் கறுப்புக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் நாம் இன்ஜினியரிங் மாணவர் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெருமைக்காகவே தேவையில்லாத நாளிலும் கொண்டுபோனவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.)

நமக்கு முன்னாலேயே கொத்தனாருக்கு இது தெரியும். இரண்டு மூலையிலும் கல் வைத்து, நடுவே நூலை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வரிசையைத் தொடங்குவார். சுவர் எழும்பியதும் நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார். நேராக இருப்பதை 'நூல் பிடிச்ச மாதிரி' என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். அச்சகத்தில் லித்தோ ஃபிலிம் இருந்த காலத்தில் பக்கம் ஒட்டும் ஓவியர்கள் வெளிர் நீலப் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் எழுத்தையும் படத்தையும் ஒட்டினார்கள். அந்த ஃபிலிமுக்கு வெளிர் நீலமும் வெள்ளைத்தாளும் ஒன்றுதான். கோட்டை அழிக்கவே வேண்டாம், கேமரா அதைப் பார்க்காது. நூல், 2எச் பென்சில், நீலப் பென்சில் மூன்றுக்கும் வேலை ஒன்றே. இருக்க வேண்டிய இடத்தை முதலில் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் ஒதுங்கிக்கொள்வது.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்த எண்ணம் முதல் நாளிலேயே கூட வந்தது. 1963-ல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தன் ஆய்வுப் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைபட நிரலைச் செய்து காட்டினார். ஒளிப்பேனாவால் திரையில் வரைய வேண்டும். மனிதன் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஏற்கெனவே உள்ள கோட்டுக்கோ புள்ளிக்கோ பக்கத்தில் பேனா வந்தால், பேனா சரியாக அதன் மேலேயே இருப்பதாக நிரல் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு 'ஸ்நாப்' என்று நாம் சொல்கிற காந்த வேலை அதேதான். பிறகு 1987-ல் இல்லஸ்ட்ரேட்டர், 1989-ல் நம் ஊர் அச்சகங்களெல்லாம் தத்தெடுத்துக்கொண்ட கோரல் டிரா, 2003-ல் பழைய 'சோடிபோடி' என்ற நிரலிலிருந்து கிளை பிரிந்து வந்த இங்க்ஸ்கேப் என்று வரிசையாக வந்தன. இவற்றில் எதை எடுத்தாலும் கோடு என்பது புள்ளிகளின் கூட்டம் இல்லை, கணக்கு. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்று எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஆகவே இதில் ஒரு பொருளை 'சுமாராக' வைப்பது என்பதே கிடையாது. நீங்கள் கண்ணால் பார்த்துச் சுமாராக வைத்தாலும், அது 41.3827 என்று ஏதோ ஒரு எண்ணில் மிகத் துல்லியமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். கண் கொடுத்த எண்ணும் நாம் கொடுத்த எண்ணும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தகட்டில் ஒன்றாக இருக்காது.

அதற்கு எவ்வளவு விலை என்பதை ஒரு ஸ்டிக்கர் எனக்குக் காட்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கான கன்ட்ரோல் பெட்டி செய்தார்கள். பெட்டியின் முகப்பில் மேலிருந்து கீழாக ஐந்து சின்ன எல்.இ.டி. விளக்குகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக 10 மி.மீ. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் விளக்குகளை அந்த அளவில்தான் பற்றவைத்திருப்பார்கள். தகட்டில் துளையும் மெஷினில் அதே அளவில் விழும். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் ஐந்து வரி. மின்சாரம் உள்ளது, மோட்டார் ஓடுகிறது, அதிகச் சுமை, தண்ணீர் இல்லை, ஒரு ஃபேஸ் இல்லை.

ஸ்டிக்கர் வெளியே ஓர் இடத்தில் அடித்து வந்தது. அந்த மாதம் வந்த கட்டில் எழுத்து கொஞ்சம் பெரிதாக, படிக்க நன்றாக இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒட்டி, பெட்டிகளை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து உடுமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புகார். மோட்டார் நின்று, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. தோட்டக்காரப் பெரியவர் ஸ்டிக்கரைப் படித்திருக்கிறார், 'தண்ணீர் இல்லை'. கோடைக்காலம் வேறு. நீர்மட்டம் இறங்கிவிட்டது போலிருக்கிறது, மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆளும் வண்டியும் வைத்து, 600 அடிக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்துவிட்டார். பார்த்தால் தண்ணீர் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. மோட்டாரும் நன்றாக இருக்கிறது. லைன்மேன் வந்து பார்த்தபோதுதான் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போயிருந்தது தெரிந்தது. எரிந்த விளக்கு ஐந்தாவது. 'ஒரு ஃபேஸ் இல்லை' என்பது அதன் பொருள்.

நானும் சர்வீஸ்காரரும் போனோம். பெரியவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தண்ணி இல்லைன்னு உங்க பெட்டிதானுங்க தம்பி சொல்லுச்சு" என்றார். பெட்டியின் முன்னால் நின்று பார்த்தேன். அவர் படித்ததில் பிழையே இல்லை.

ஸ்கேல் வைத்து அளந்தோம். வரிகளுக்கு இடையே 11.5 மி.மீ. இருந்தது. முதல் வரி முதல் விளக்குக்கு நேராக இருக்கிறது. இரண்டாவது 1.5 கீழே. மூன்றாவது 3, நான்காவது 4.5, ஐந்தாவது 6 மி.மீ. கீழே. இப்போது ஐந்தாவது விளக்கின் பக்கம் பாருங்கள். அதன் சொந்த வரி 6 மி.மீ. கீழே இருக்கிறது. நான்காவது வரி 5.5 மி.மீ. மேலே இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பக்கத்து வீட்டுப் பெயர்ப்பலகை இந்த வீட்டுக்கு வந்துவிட்டது.

ஸ்டிக்கர் அடித்தவரிடம் கேட்டபோது, "சார், ஸ்கிரீன்ல நேராத்தானே சார் இருந்துச்சு" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஐந்து வரியையும் ஒரே பத்தியாக டைப் செய்திருக்கிறார். எழுத்து சின்னதாக இருக்கிறதே, கிணற்றடியில் வயதானவர்கள் படிக்க வேண்டாமா என்று நல்ல எண்ணத்தில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். எழுத்து பெரிதானதும் வரி இடைவெளியும் தானாகப் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் ஒன்றரை மில்லிமீட்டர். திரையில் தனியாக ஸ்டிக்கரை மட்டும் பார்க்கிறவருக்கு ஐந்து வரியும் ஒரே சீராகத்தான் தெரியும். விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல அந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லை. ஐந்து வழிகாட்டிக் கோடு இருந்திருந்தால், எழுத்தைப் பெரிதாக்கிய அந்த நிமிஷமே வரி கோட்டை விட்டு விலகியிருக்கும். அவருக்கே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு அந்த முகப்புப் படங்களை வரையும் வேலை என்னிடம் வந்தது. இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன். காசு இல்லாமல் கிடைக்கும், கல்லூரி லேபிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். கோரலோ இல்லஸ்ட்ரேட்டரோ வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான் மாறும், முறை மாறாது.

முதல் வேலை, எங்கிருந்து அளப்பது என்று முடிவு செய்வது. மெஷின் டிராயிங்கில் 'டேட்டம்' என்று படித்தோமே, அதேதான். முதல் விளக்கிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாக அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு அடியிலும் வரும் சின்னப் பிழை கூடிக்கொண்டே போகும். அந்த ஸ்டிக்கரில் நடந்தது அதுதான். ஆகவே தகட்டின் மேல் விளிம்பு ஒன்று, இடது விளிம்பு ஒன்று, எல்லா எண்ணும் அந்த இரண்டிலிருந்து. விளக்குகள் மேல் விளிம்பிலிருந்து 30, 40, 50, 60, 70 மி.மீ.

இனி கோடு. திரையின் மேலேயும் இடப்பக்கமும் அளவுகோல் இருக்கும். இல்லையென்றால் கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் அழுத்தினால் வரும். மேல் அளவுகோலில் சுட்டியை அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தால் ஒரு படுக்கைக் கோடு கூடவே வரும். இடப்பக்கத்திலிருந்து இழுத்தால் செங்குத்துக் கோடு. அளவுகோலின் ஓரத்து நுனியிலிருந்து இழுத்தால் சாய்ந்த கோடு. பெரும்பாலானவர்கள் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். கண்ணால் பார்த்து இழுத்துவிட்ட கோடு, மறுபடியும் கண் கொடுத்த எண்தானே? அந்தக் கோட்டின் மேல் இருமுறை கிளிக் செய்யுங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் எக்ஸ், ஒய், கோணம் மூன்றையும் எண்ணாகத் தட்டலாம். 40 என்று தட்டினால் 40. இந்தப் பெட்டியைத் திறக்காத வரை வழிகாட்டிக் கோடு அலங்காரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதே பெட்டியில் கோட்டுக்குப் பெயர் வைக்கலாம், நிறம் மாற்றலாம், பூட்டலாம். நான் மூன்றையும் செய்கிறேன். 'விளக்கு 4' என்று பெயர் எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது நமக்கே உதவும். நமக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கப்போகிற பையனுக்கு இன்னும் உதவும். பூட்டுவது ஏன் என்றால், படத்தை நகர்த்தப்போய்க் கோட்டை நகர்த்திவிடுவது அடிக்கடி நடக்கும். நகர்ந்தது தெரியாமல் அதை நம்பி வேலை செய்வது கோடே இல்லாததை விட மோசம். அளவுகோல்கள் இரண்டும் சந்திக்கும் மூலையில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. அதைத் தட்டினால் எல்லாக் கோடும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது காந்தம். சதவீதக் குறியை அழுத்தினால் ஸ்நாப் வேலை செய்யும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இது நின்றிருக்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு 'கோட்டில் வைத்தேன்' என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அநேகர். காந்தம் எதை எதோடு ஒட்ட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். வட்டமென்றால் மையம் ஒட்ட வேண்டுமா, விளிம்பு ஒட்ட வேண்டுமா? துளைக்கு எப்போதும் மையம்தான். எழுத்துக்கு அடிக்கோடு.

இந்த எழுத்து விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விளக்குக்கு நேராக ஒரு பெயரை வைக்கச் சொன்னால், எல்லோரும் இரண்டையும் தேர்ந்தெடுத்து 'நடுவில் வரிசைப்படுத்து' என்ற பொத்தானைத் தட்டுவார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அது ஓரளவு ஓடிவிடும். தமிழில் ஓடாது. நிரல் எழுத்தைச் சுற்றி ஒரு கற்பனைச் சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தின் நடுவைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் எழுத்தில் கி, கீ, மெய்ப்புள்ளி எல்லாம் மேலே ஏறும். சு, டு, மு கீழே இறங்கும். ஒரு வரியில் ஏறுவது மட்டும் இருக்கும், இன்னொன்றில் இறங்குவதும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியின் சட்டமும் ஒவ்வோர் உயரம், நடுவும் ஒவ்வோர் இடம். பொத்தானை நம்பி ஐந்து வரியை வைத்தால், ஐந்தும் குதித்துக் குதித்து நிற்கும். எண்ணுக்குச் சரி, கண்ணுக்குத் தப்பு.

எனவே விளக்கின் மையத்துக்கு ஒரு கோடு, எழுத்து உட்காருவதற்கு இன்னொரு கோடு என்று இரண்டாக வைத்தேன். நாங்கள் பயன்படுத்திய அளவில் ப, ட போன்ற எழுத்தின் உயரம் 4 மி.மீ. அதில் பாதி 2. ஆக எழுத்தின் அடிக்கோடு 32, 42, 52, 62, 72. ஐந்து வரியும் ஐந்து தனித்தனித் துண்டுகள், பத்தி கிடையாது. இப்போது எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அடி அந்தக் கோட்டை விட்டு நகராது. ரொம்பப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். முட்டினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தோட்டத்துக்குப் போகாது.

இன்னொரு மாற்றமும் செய்தோம், அது கோட்டு வேலை இல்லை, பொது அறிவு. ஸ்டிக்கரை விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டாமல், விளக்குகள் அதனுள்ளேயே புகுந்து வரும்படி ஐந்து துளை வைத்தோம். ஒட்டுகிறவர் கை தவறினால் விளக்கு ஸ்டிக்கரில் இடிக்கும். கம்ப்யூட்டரில் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் கடைசியில் ஒட்டப்போவது ஒரு மனிதக் கைதானே.

துளை என்றதும் ஒரு எச்சரிக்கை. தம்பிகள் லேசர் வெட்டுக்குப் படம் கொடுக்கும்போது அதிகம் அடிபடும் இடம் இது. ஸ்விட்சுக்கு 22.5 மி.மீ. வட்டம் வரைகிறீர்கள். கோட்டின் தடிமன் 0.5 மி.மீ. என்று வையுங்கள். அந்தத் தடிமனில் பாதி உள்ளே, பாதி வெளியே. கண்ணுக்குத் தெரியும் வெளி அளவு 23 மி.மீ. ஆகிவிடும். இங்க்ஸ்கேப் தன் கற்பனைச் சட்டத்தை இரண்டு விதமாகப் போடும், தடிமனைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. முதல் விதத்தில் விட்டுவிட்டு வட்டத்தின் விளிம்பைக் கோட்டோடு ஒட்டினால், கால் மில்லிமீட்டர் தள்ளித்தான் உட்காரும். லேசருக்குத் தடிமன் தெரியாது, அது கோட்டின் நடுப்பாதையில் போகும். தேர்வுகள் பக்கத்தில் வடிவியல் சட்டம் என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போஸ்டர் வரையும்போது வேண்டுமானால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

சாய்ந்த கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசோமெட்ரிக் படம் ஞாபகம் இருக்கிறதா? மினி டிராஃப்டரின் தலையைத் திருகி 30 டிகிரியில் வைத்து, அது வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டு வரைந்தோமே. இங்கே கோட்டின் மேல் இருமுறை கிளிக், கோணம் 30, அவ்வளவுதான். இன்னொரு கோட்டுக்கு 150. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தாலும் கோடு சுழலும். கூடவே கன்ட்ரோலையும் அழுத்தினால் படிப்படியாகச் சுழலும். ஏற்கெனவே வரைந்த ஒரு பெட்டியையே கோடுகளாக மாற்ற ஷிஃப்டும் ஜி எழுத்தும். நான்கு பக்கத்துக்கும் நான்கு கோடு வந்துவிடும். ஆனால் நீங்கள் வரைந்த பெட்டி மறைந்துவிடும், பதறாதீர்கள். அது இருக்க வேண்டுமென்றால் தேர்வுகளில் சொல்லி வைக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இதே வேலைக்குக் கன்ட்ரோலும் 5-ம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போய் ஒரே படத்தில் அறுபது கோடு போட்டுவிடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன். திரை முழுக்க நீலமாக, நெசவுத் தறி மாதிரி இருக்கும். காந்தம் எந்தக் கோட்டோடு ஒட்டியது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பக்கத்துக் கோட்டோடு ஒட்டிவிட்டால் எண்ணும் தப்பு, நமக்குச் சந்தேகமும் வராது. ஒரே இடைவெளியில் நிறைய வேண்டுமென்றால் அதற்குக் கட்டம் இருக்கிறது, அதைப் போடுங்கள். வழிகாட்டிக் கோடு என்பது இந்தப் படத்துக்கு மட்டும் உரிய, காரணம் சொல்லக்கூடிய இடங்களுக்கு. 'இந்தக் கோடு எதற்கு?' என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கோட்டைக் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் போய்விடும். எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மறைத்துப் படத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் செங்குத்துக் கோட்டுக் குறி இருக்கிற பொத்தான். இதை நாளுக்குப் பத்து முறையாவது அழுத்துங்கள். கோடு இருக்கும்வரை எந்தப் படமும் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

இப்போது சில பேர் கேட்கலாம், நிரலே தானாகக் கோடு காட்டுகிறதே என்று. உண்மைதான். இல்லஸ்ட்ரேட்டரில் நெடுநாளாக இருக்கிறது, கோரலில் இருக்கிறது, இங்க்ஸ்கேப்பிலும் 2022-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ஒரு பொருளை நகர்த்தும்போது பக்கத்துப் பொருளோடு நேராக வந்தால் காட்டிக்கொடுக்கிறது. நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பக்கத்தில் இருப்பதோடுதான் நேராக்கும். பக்கத்தில் இருப்பதே ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அதோடு மிக நேராக உட்கார வைக்கும். தகட்டின் எண் அதற்குத் தெரியாது. அழைப்பிதழுக்கு அது போதும். கன்ட்ரோல் பெட்டிக்குப் போதாது.

கடைசியாக, கோப்பை வெளியே கொடுக்கும் விஷயம். வழிகாட்டிக் கோடு அச்சில் வராது என்றேன். அது நல்லதுதான், லேசர் அதை வெட்டப் பார்க்காது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்க்ஸ்கேப் தன் படத்தை எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமிக்கிறது. அதை ஒரு எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள், எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்கும். (கம்ப்யூட்டர் சயன்ஸ் தம்பிகள் இன்றைக்கே பார்க்கலாம்.) வட்டமும் கோடும் எழுத்தும் பொதுவான எஸ்.வி.ஜி. மொழியில் இருக்கும். வழிகாட்டிக் கோடு மட்டும் 'சோடிபோடி' என்ற முன்பெயரோடு தனியாக ஒரு பகுதியில் இருக்கும். அந்தப் பழைய நிரலின் பெயர் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. மற்ற நிரல்களுக்கு அந்தப் பெயர் அந்நியம், பேசாமல் தாண்டிப் போய்விடும். பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்தாலும் கோடு கூடப் போகாது. ஆகவே நீங்கள் பூட்டி, பெயர் வைத்து, நிறம் கொடுத்த கோடுகள் எதுவும் அடுத்தவர் திரையில் இருக்காது. அவர் மறுபடியும் கண்ணை நம்பித்தான் திருத்துவார். நம் ஸ்டிக்கர்காரர் செய்ததுபோல.

அதனால் நான் எந்தப் படத்தோடும் அளவு எழுதிய இன்னொரு தாளைச் சேர்த்தே அனுப்புகிறேன். மேல் விளிம்பிலிருந்து 30, 40, 50 என்று அம்புக்குறி போட்டு, நாம் ஹாலில் வரைந்த மாதிரியே. கூடவே படத்தின் ஓரத்தில், வெட்டுக்கு வெளியே, சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. அச்சடித்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 100 இல்லையென்றால் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று எழுதியிருப்பேன். இங்க்ஸ்கேப் 2017-ல் 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக மாற்றியது. அதற்கு முன் வரைந்த பழைய கோப்புகள் சிலவற்றைப் புதியதில் திறந்தால் 100 மி.மீ. 93.75 ஆகச் சுருங்கி நிற்கும். பழைய கோப்பை எடுத்து வேலை செய்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவருடைய பெட்டிக்குப் புது ஸ்டிக்கரை நானே கொண்டுபோய் ஒட்டினேன். மோட்டார் ஏற்றி இறக்கிய செலவை, பல நாள் பேச்சுக்குப் பிறகு, தொழிற்கூடத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த மாதம் வெளியே போன மற்றப் பெட்டிகளைத் தேடித் தேடி மாற்றுவதற்கு சர்வீஸ் ஆட்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு சில பெட்டிகள் எந்த ஊருக்குப் போயின என்று கடைக்காரர்களுக்கே தெரியவில்லை. அவற்றில் ஐந்தாவது விளக்கு இன்றைக்கும் எங்கேயோ ஒரு தோட்டத்தில் எரியலாம்.

மணி அடித்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு டிராயிங் ஹாலில் மடிக்கணினியோடு இருப்பேன். அந்த ஸ்டிக்கரின் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன், ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். ப்ராஜெக்ட்டுக்கு முகப்புத் தகடு வரைய வேண்டிய இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் தங்கள் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வரைந்துவிடலாம்.